பேச்சியின் இடம்

ஒட்டன்சத்திரம்
14.7.1998

அன்புள்ள அத்தானுக்கு,

ரூபி எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் பெரியப்பாவின் பள்ளியில் நான் டீச்சராகச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. தாளாளர் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள் என்று மற்ற டீச்சர்கள் என்னிடம் வாய் திறப்பதே இல்லை.

ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் மரபுத்தொடர் எடுத்தேன். 'ஃபைண்ட் யுவர் ஃபீட்' என்றதும் பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் குனிந்து காலைத் தேடுகிறார்கள்! புது இடத்தில் பழகி ஊன்றிக்கொள்வது என்று விளக்கினேன். பேச்சி என்று ஒருத்தி, பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் மாயம்மாளின் மகள், "அப்ப டீச்சருக்கு இன்னும் கால் கிடைக்கலையா?" என்கிறாள். வாயாடி.

இடம், வழி என்று வரும் தொடர்கள் இன்னும் சில எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ரூபி

பம்பாய்
25.7.1998

பிரியமுள்ள ரூபிக்கு,

நலம். இங்கே ஓயாத மழை. நீ கேட்டது: 'ஃபால் இன்டு ப்ளேஸ்', எல்லாம் தானாகக் கூடிவருவது, நம் கல்யாணம் மாதிரி. 'நோ யுவர் ப்ளேஸ்', தன் நிலை அறிந்து அடங்கி நடப்பது. எங்கள் மேனேஜர் இதை அடிக்கடி சொல்வார். நானும் 'எஸ் சார்' என்று சிரித்து வைப்பேன்.

பெரியப்பா மனம் கோணாமல் நடந்துகொள்.

உன்,
பிராங்கிளின்

ஒட்டன்சத்திரம்
9.8.1998

அத்தான்,

மாயம்மாளுக்குக் காய்ச்சல். அவள் வராததால் உங்கள் பெரியப்பா பேச்சியை வகுப்பிலிருந்து எழுப்பி, கக்கூஸ் கழுவ அனுப்பிவிட்டார். போய்ப் பார்த்தேன். யூனிஃபார்ம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடைத்துக்கிடந்த பீங்கானுக்குள் வெறுங்கையை விட்டுக்கொண்டிருந்தாள். "டீச்சர், பாடம் ஆரம்பிச்சுட்டீங்களா? செத்த நேரத்துல வாரேன்" என்றாள். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அவளைக் குளிக்க வைத்து, ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனேன். உங்கள் பெரியப்பா பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். "ஃபீஸ் வாங்காமத்தானே படிக்க வைக்கிறோம்? அதுக இடம் அதுகளுக்குத் தெரியணும். உன் இடம் உனக்கும் தெரியணும்மா" என்றார், எண்ணெய் விரலை நக்கிக்கொண்டே. அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பேச்சைக் கேட்பார்.

ரூபி

பம்பாய்
20.8.1998

ரூபி,

பெரியப்பா போனில் மிகவும் வருத்தப்பட்டார். ஊரோடு ஒத்து வாழ்வதைத்தான் 'வென் இன் ரோம்' என்கிறார்கள். உனக்கு இங்கிலீஷ் தெரியாததல்ல. அந்தப் பிள்ளை வீட்டுக்கு அது பழகிய வேலைதானே? ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு. ஜனவரி கல்யாணத்தை நினைத்துப் பார்.

பிராங்கிளின்

திண்டுக்கல்
30.8.1998

திரு. பிராங்கிளினுக்கு,

'பழகிய வேலை.' முத்து முத்தான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெரியப்பாவைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை.

வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டேன். மாயம்மாளும் நானும் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்திருக்கிறோம். பேச்சியை இங்கே கன்னியாஸ்திரிகள் பள்ளியில் சேர்த்தாயிற்று. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா என்னோடு பேசுவதில்லை. முதல் நாள் அம்மா அவளுக்கென்று தனித் தட்டு எடுத்து வைத்தாள். நான் அதே தட்டில் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாள் அம்மா அந்தத் தட்டை மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிட்டாள்.

நிச்சயதார்த்த மோதிரத்தை அத்தையிடம், உங்கள் அம்மாவிடமே, கொடுத்தேன். உங்கள் கடிதத்தையும் காட்டினேன். வாசித்து, மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு, "கல்யாணம் இல்லைன்னு அவனுக்கு நான் சொல்லிக்கிடட்டுமா தாயி?" என்றார்கள்.

வேண்டாம் அத்தை, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ரூபி