வாசலில் பார்க்காத அரக்கு

நேற்று தறிக்கூடத்தில் உன் டியூப்லைட்டின் சோக் கருகிவிட்டது. அந்த வாடை கூடம் முழுக்க நின்றது. அண்ணா, உன்னை நினைக்க ஊதுபத்தியைவிட அது பொருத்தமாக இருந்தது.

புது விளக்கு வாங்கும் வேலையை அண்ணி என்னிடம் விட்டார். எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி, "இன்னும் இத வச்சிக்கினு இருக்கீங்களே சார், இந்த நீல வெளிச்சத்துல எப்படி நெய்யுறாங்க?" என்றார்.

"கேக்க வேண்டியவரு போயிட்டாருபா" என்றேன்.

நாம் இருவரும் போய்த்தான் அந்தப் பழைய விளக்கை வாங்கினோம். வெளிச்சம் அதிகமானால் போதாது, இந்த டியூபில் சிவப்பு குறைவு, அரக்கு நிறமும் கத்திரிப்பூ நிறமும் ஒன்றாகத் தெரியும் என்றேன். பகல் வெளிச்சம்போல நிறம் காட்டும் வகையை வாங்கி, நெய்பவர் நிழல் புடவையில் விழாதபடி முன்பக்கம் மாட்டலாம் என்றேன். நீ கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தாய். "எங்க வீட்டு வாத்தியாரு லைட்டுக்கே பரீட்சை வைக்கிறாருபா! நீ பளிச்சுனு எரியறதா குடு." வாங்கிவந்து உன் தலைக்குப் பின்னால் மாட்டினாய்.

அந்த மழைக்காலத்தில்தான் என் நிச்சயதார்த்தத்துக்குப் பெண்ணுக்கான புடவையை நெய்தாய். வேறு யாரையும் தறியில் உட்கார விடவில்லை. அதை மறுக்க மாட்டேன். பாதிப் புடவையில், குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு தீர்ந்தது. மூட்டமான ஒரு மாலையில் புதுப் பட்டு வந்தது. புதுப் பட்டுநூல் கண்டியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்காமல் நம் தெருவில் யாரும் தறியில் ஏற்றமாட்டார்கள். வெயில் இல்லையென்றால் காத்திருப்பார்கள்.

"காலைல வாசல்ல பாத்துக்கலாம்ணா."

"வாசலுக்குப் போறதுக்கா லைட்டு போட்டேன்? உன் வேலயப் பாருடா."

அறுத்த புடவையையும் அந்த விளக்கடியிலேயே மடித்துவைத்தாய். நிச்சயத்தன்று முசரவாக்கத்தில், பெண் வீட்டு முற்றத்தில் நல்ல வெயில். பெண்ணின் மாமா தட்டிலிருந்த புடவையைப் பிரித்தார். பாதி அரக்கு, பாதி கத்திரிப்பூ. நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. அவரும் நெசவாளர்.

"யாருபா இந்தப் பட்ட எடுத்தது?"

நீ என்னைப் பார்த்தாய். "தம்பிதான். ஆசையா நானே எடுக்குறேன்னான். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குக் கலரு அவ்வளவா தெரியாது. போகட்டும்னு விட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உள்ளே ஒரு பெண் குரல், "ஐயய்யோ, புள்ளைங்களுக்கும் வந்துடுமே" என்றது. சாப்பாட்டுக்கு இலை போடும் முன் புடவை அதே தட்டில் திரும்பி வந்தது.

சபையில் அண்ணனைப் பொய்யன் என்று சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். உன்னைவிட அந்த மரியாதையைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். கண் மருத்துவரிடம் போய், நிறப்பார்வையில் குறையில்லை என்று எழுதி வாங்கி உன் முன்னால் வைத்தேன். "அதான் சரியாயிடுச்சே, அப்புறம் என்ன?" என்றாய். தெருவுக்கு அந்தக் காகிதம் போய்ச் சேரவில்லை. உன் பேச்சுதான் போனது. அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களும் அதையே விசாரித்துவிட்டு நின்றுபோயின. அப்புறம் யாரும் வரவில்லை.

போன வருடம் உனக்குக் கண்புரை முற்றியது. ஒரு நாள் இரண்டு கண்டிகளை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "டேய், இதுல எதுடா அரக்கு?"

"எனக்குத்தான் கலரு தெரியாதேண்ணா."

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் உள்ளே போய்க் காப்பி குடித்தேன்; நன்றாகவே இருந்தது. அதன் பிறகு நீ தறியில் உட்காரவேயில்லை.

இன்று புது டியூப்களை முன்பக்கமாக மாட்டியாயிற்று. கடைக்கே நூலைக் கொண்டுபோய், விளக்கடியிலும் வாசலிலும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன். என் கண்ணை நானே நம்புவதற்கு நான்கு தடவை வெளியே போய்வர வேண்டியிருந்தது. அதுவும் நீ கொடுத்ததுதான்.

பழைய டியூபை எலக்ட்ரீஷியன் குப்பைக்கு எடுத்தார். "வேற சோக் போட்டு என் ரூம்ல மாட்டுபா" என்றேன்.

"அது எதுக்கு சார்?"

கூலியை எண்ணிக் கொடுத்தேன். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து விரித்தேன். உன் விளக்கின் கீழே அது முழுக்க ஒரே அரக்கு.