கரையருகே துடுப்பு உயர்த்தியோர் பொருட்டு

நீர் நிறைக. நெல் நிறைக. ஆறு தன் கரைக்குள் ஓடுக.

நெடுவாய் நாட்டைக் காத்துவரும் வெண்ணாரை முத்திரையுடைய கோமகள் ஆதிரை நங்கை, ஆற்றுத்துறைகளின் காவலரும் இவ்வரியணைக்கு வழிவழித் துணைநின்ற குடியினருமாகிய செங்கீரனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறைகளுக்கும் அங்கு வாழும் மக்களுக்கும் மாடுகளுக்கும் நலம் உண்டாகுக.

உம் ஓலை கிடைத்தது. கிழக்கரை நாட்டின் புதுப்புனல் விழாப் பந்தயத்தில் நம் தோணி தோற்றதென்றும், எல்லைக் கயிற்றை நெருங்கியபோது முந்தியிருந்த நம்மவர் அனைவரும் ஒருங்கே துடுப்பை உயர்த்தினர் என்றும், ஒருவன் கை ஓய்ந்தால் களைப்பு, எல்லார் கையும் ஓய்ந்தால் கைக்கூலி என்றும் எழுதியிருந்தீர். குழுத்தலைவன் ஏறனை நீக்கவும், பந்தயத் தோணியைப் படைவீரருக்குக் கொடுக்கவும் நம் முத்திரையைக் கேட்டிருந்தீர். முத்திரையிடும் முன் நம் ஓலைகளை எழுதும் ஓலைநாயகத்தை உம் துறைக்கு அனுப்பினோம். அவர் கண்டதும் ஏறனிடம் கேட்டதும் இவை.

ஏறன் பகலெல்லாம் பெருந்தோணியில் மக்களை அக்கரை சேர்ப்பவன். அவன் குழுவினரும் அதே தோணியில் துடுப்பிடுபவர்கள். பந்தயத்துக்கென்று எவரும் அவர்களுக்குச் சோறு போட்டதில்லை, ஆசையால் துடுப்பு வலித்தார்கள். அன்று கயிற்றுக்குச் சற்று முன்பு ஏறனின் துடுப்பு தானாக மேலெழுந்தது. ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்துத் தோணி கடந்துபோவதைப் பார்த்தபடி இருந்தான். கரையில் நின்ற கிழக்கரையார், பிள்ளைத்தாய்ச்சி இறங்கப்போகிறாள், மெல்ல விடுங்கள் என்று கூவிச் சிரித்தனராம்.

ஊர் திரும்பியபின், வெற்றியை விற்றது என்ன விலைக்கு என்று கேட்டவர்கள் உண்டு. தன் கையை நம்பாதவன் பிறர் வாயை எப்படி அடைப்பான்? தோள் நோவோடு ஏறன் மறுநாளே துறைக்குப் போனான். ஆற்றைக் கடக்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

சில நாள் கழித்து, மோர்க்குடம் ஏந்திய பெண்கள் தோணி நிறைய ஏறினர். கரை நெருங்கியது. ஏறன் துடுப்பை உயர்த்தினான். உயர்த்தியவன் திரும்பிப் பார்த்தான். எல்லாத் துடுப்புகளும் உயர்ந்து நின்றன. தோணி தன் ஓட்டத்திலேயே போய் மணலைத் தொட்டது. ஒரு குடமும் தளும்பவில்லை.

செங்கீரனாரே, இது உம் துறையின் வழக்கம். கரையருகே வலித்தால் தோணி முட்டும். முட்டினால் நிற்பவர் விழுவர். கிழக்கரையார் எல்லைக் கயிற்றைக் கரையோரம் கட்டியிருந்தனர். கரையைக் கண்ட கைகள் தம் தொழிலைச் செய்தன. வேறொன்றும் நடக்கவில்லை.

பெண்கள் இறங்கிப் போனபின் ஏறனும் குழுவினரும் சிரித்தார்களாம், நெடுநேரம் அல்ல. அவர்களுள் பொதியன் என்பவன், இந்த மோர்க்காரிகளைக் கிழக்கரைக்கும் ஏற்றிப் போயிருந்தால் பரிசுக்குப் பதில் மோராவது கிடைத்திருக்கும் என்றானாம். பின்பு அவனே, அடுத்த விழா வரை துறையிலும் துடுப்பை உயர்த்தாமல் பழகுவோம், ஏறுகிறவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்றான். ஏறன் ஒப்பவில்லை. பந்தயம் ஆண்டுக்கொரு நாள், துறை நாள்தோறும் என்றான். வென்றிருந்தால் இந்தக் கையின் குணம் நமக்குத் தெரிந்திராது. தெரிந்தபின் அதை ஒடிக்க வேண்டாம், எங்கே ஓயக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தால் போதும் என்றான்.

பந்தயத் தோணியை நீர் பூட்டிவைத்திருப்பதால், இரவல் வாங்கிய மீன்தோணியில் அவர்கள் மாலைதோறும் பயில்கிறார்கள். ஆளில்லாத மணல்திட்டின் ஓரம் கயிறு கட்டி, முட்டும்வரை வலிக்கிறார்கள். பல நாள் கை பழையபடியே உயர்ந்துவிடுகிறது. எவரும் எவரையும் ஏசுவதில்லை. திரும்பிப் போய் மறுபடி தொடங்குகிறார்கள். ஓலைநாயகம் பார்த்திருந்த மாலையில் தோணியின் மூக்கு மணலில் புதைந்து, அனைவரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தனர். ஏறன் எழுந்து, வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, இன்று சரி என்றானாம்.

நாமும் களைத்திருக்கிறோம். தோற்றவனைக் குற்றவாளியாக்கும் ஓலைகள் இவ்வரண்மனைக்கு நிறைய வருகின்றன. தோல்வியை ஏறன் குழுவினர் படித்த அளவு நாம் எவரும் படிக்கவில்லை.

ஆகவே நம் ஆணை இது. பந்தயத் தோணியை இன்றே அவர்களிடம் திருப்பித் தருக. ஏறன் தலைவனாக நிற்பான். வரும் ஆண்டு தோற்றாலும் இவ்வாணை மாறாது.

நீர் இவ்வோலை கண்ட மறுநாள், விளிம்புவரை நிறைந்த மோர்க்குடத்தைக் கையில் ஏந்தி, பெருந்தோணியில் நின்றபடியே ஆற்றைக் கடப்பீராக. அக்கரையில் ஒரு துளி சிந்தினாலும் உம் பழைய ஓலைக்கு முத்திரையிடுவோம். சிந்தாவிடில், குடத்தை ஏறனிடமும் அவன் கூட்டாளிகளிடமும் கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பீராக.

மறுமொழி ஓலை வேண்டா.

வெண்ணாரை முத்திரை இட்டோம். ஆறு சான்று.