ஜெயபாலன் மாட்டிய மீட்டர்

10-6-1957, திங்கள்

இன்று காலை என் லோரியில் ஸ்டியரிங்குக்கு எதிரே இருக்கும் முன்பலகையில் ஓட்டை போட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லோரி முதலாளியுடையது என்பது எனக்குத் தெரியும். ஐந்து வருடமாக அதற்குள் உட்கார்ந்திருப்பவன் நான் என்பதும் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் போட்டு மூன்று மாதம் ஆகிறது. எஞ்சின் மாறியது, அதைக் கண்காணிக்க ஒன்றும் இல்லை. அதனால் முதலாளி கலியாணசுந்தரம் சிங்கப்பூரிலிருந்து தனியாக இரண்டு மீட்டர் வரவழைத்திருக்கிறார். ஒன்று ஆயில் அழுத்தம் காட்டும், இன்னொன்று தண்ணீர்ச் சூடு காட்டும். மாட்டுவது ஜெயபாலன். வீடு புக்கிட் பாரு, வயது இருபத்திரண்டு, ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஆறு வாரம்.

எனக்குக் காது போதும் என்று முதலாளியிடம் சொன்னேன். "காது ஒனக்குப் போதும் மருதமுத்து. எஞ்சினுக்குப் போதுமான்னு தெரியலையே" என்றார். ஒர்க்‌ஷாப் முழுக்கச் சிரித்தது. ஜெயபாலன் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் எரிந்தது.

11-6-57

மீட்டருடன் ஒரு தாள் வந்திருக்கிறது, எல்லாம் இங்கிலீஷ். அவன் விரலை வைத்து வரிவரியாகப் படித்தான். முதலாளி பக்கத்தில் நின்று, சாமி கும்பிடுகிறவர் மாதிரி தலையாட்டினார். பிறகு கோப்பிக் கடையிலிருந்து இரண்டு கிளாஸ் வரவழைத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று அவனுக்கு. ஐந்து வருடத்தில் நான் அந்த மேசையில் ஒரு கிளாஸ் குடித்ததில்லை.

எஞ்சினிலிருந்து மீட்டருக்கு மெல்லிய செம்புக் குழாய் போகிறது. அதன் வழியாகத்தான் ஆயில் ஏறி முள்ளைத் தள்ளும். நேராகப் போகவேண்டிய குழாயை எஞ்சின் பக்கத்தில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறான், பலகாரக் கடை முறுக்கு மாதிரி. இது என்ன அலங்காரம் என்று கேட்டேன். "அலங்காரம் இல்லண்ணே, எஞ்சின் ஆடுறப்போ..." என்று ஆரம்பித்தான். நான் நடந்துவிட்டேன். அவனிடம் பாடம் கேட்க நான் வரவில்லை.

13-6-57

மீட்டரைப் பார்க்காமலே டுரியான் துங்கால் ஊர் வரை ஓட்டிப் போய் வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

16-6-57, ஞாயிறு

ஆகஸ்டு முடிவில் இந்த நாட்டுக்கும் சுதந்திரம். எங்கள் காஜா பெராங்கில் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் எழுந்து போவான், அவன் பாஷை தெரிந்தவன் அந்த நாற்காலியில் உட்காருவான். நான் லோரியிலேயே உட்கார்ந்திருப்பேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை ஒரே வாத்தியார், ஒரே அறை. அதற்கு மேல் படிக்கப் பள்ளியும் இல்லை, அனுப்ப அப்பாவுக்கு வழியும் இல்லை. ஜெயபாலனின் அப்பா தபாலாபீசில் வேலை பார்த்தவர். அவன் கெட்டிக்காரன் என்கிறார்கள். நான் அந்த வீட்டில் பிறந்திருந்தால்?

தங்கை சிவகாமியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "ஏண்ணே, ஒரு வாரமா அந்த ஆளப் பத்தியே பேசுறியே. அவனையே பொண்ணு பாக்கப் போறியா?"

உண்மையில் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை நான்.

23-6-57, ஞாயிறு

ஒர்க்‌ஷாப்பில் யாரும் இல்லை. குழாயில் இருந்த அந்த மூன்று சுற்றுச் சுருளை எடுத்துவிட்டேன்.

எனக்கும் வேலை தெரியும். குழாயை அளந்து வெட்டினேன். முனையை விரித்து நட்டைப் போட்டு இறுக்கினேன். எஞ்சினிலிருந்து முன்பலகைக்கு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. ஸ்டார்ட் செய்து பார்த்தேன். முள் எழுந்து நாற்பதில் நின்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெட்டிய செம்பை ஆற்றில் எறிந்தேன்.

இங்கிலீஷ் தாள் இல்லாமல்.

1-7-57

ஒரு வாரம் ஆகிவிட்டது. முள் நாற்பதுதான். எஞ்சின் மூடியை அவன் திறந்து பார்க்கவே இல்லை. பார்த்து, யார் செய்தது என்று கேட்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

9-7-57, செவ்வாய்

எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன்.

ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, குருபோங் வருவதற்குமுன் முள் விழுந்தது. நாற்பது, இருபது, சுத்தமாகக் கீழே. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. சிங்கப்பூர் மீட்டர் செத்தது, ஜெயபாலன் மாட்டியது ஒரு மாதம்கூட ஓடவில்லை! முதலாளி முன்னால் இதை எப்படிச் சொல்வது, அவன் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டு மைல்.

சத்தம் மாறியது. காதில் விழுந்தது. விழுந்தும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அந்த மேட்டைத் தாண்டிவிட்டால்... தாண்டவில்லை. உள்ளே இரும்பு இரும்பைக் கடித்தது. வண்டி அப்படியே நின்றது. இறங்கிப் பார்த்தேன், லோரியின் அடிவயிறு முழுக்க எண்ணெய்.

மீட்டர் சாகவில்லை. ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் எஞ்சின்தான் செத்தது.

இன்னொரு லோரி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. முதலாளி கேட்ட முதல் கேள்வி: "மீட்டர் என்னா காட்டுச்சு?"

"நாப்பது. கடைசி வரைக்கும் நாப்பதுதான் முதலாளி."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. வாய் யாருடையது?

10-7-57

பொய் காட்டும் மீட்டரை மாட்டியதற்காக முதலாளி ஜெயபாலனை எல்லோர் முன்னாலும் ஏசினார். படிப்பு ஏட்டோடு சரி, கையில் ஒன்றும் இல்லை என்றார். போன மாதம் நான் கேட்க ஏங்கிய அதே வார்த்தைகள். சனிக்கிழமைக்குப் பிறகு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவன் வாதாடவில்லை. போகுமுன் எஞ்சினைத் திறந்து பார்க்கிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

இனிக்கும் என்று நினைத்தேன். இனிக்கவில்லை.

11-7-57, வியாழன்

திறந்தான். நான் பக்கத்தில் நின்றேன், போயிருக்கலாம், போக முடியவில்லை. குழாய் நட்டுக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. அவன் கட்டைவிரலால் அந்த வெடிப்பைத் தடவினான். பிறகு விரல் நேர்க்குழாயின் மேலேயே முன்பலகை வரைக்கும் போனது, எதையோ தேடுகிற மாதிரி.

"சுருள் எங்கண்ணே?"

நான் குனிந்து லோரியின் டயரைப் பார்த்தேன்.

"எஞ்சின் ஆடும், முன்பலகை ஆடாது. நடுவுல சுருள் இருந்தாத்தான் குழாய் அந்த ஆட்டத்தைத் தாங்கும்" என்றான். கோபமே இல்லை. அப்புறம் இன்னும் மெதுவாக, "குழாய் இப்படி வெடிச்சா முள்ளு நாப்பதுல நிக்காதுண்ணே. நிக்க முடியாது."

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டார். ஜெயபாலன் என்னைப் பார்க்கவில்லை.

"குழாய் வெடிச்சிருச்சு முதலாளி. நான் மாட்டினது" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏன்? யார் கேட்டது அவனை? இதிலும் அவன்தான் பெரிய மனிதனாக இருக்க வேண்டுமா? கணக்குப் போட்டிருப்பான்: எனக்கு நாளைக்கே வேறு வேலை கிடைக்கும், இவனுக்குக் கிடைக்காது, பாவம். கோயில் வாசலில் உட்கார்ந்தவனுக்குப் போடுவது மாதிரி எனக்கு என் வேலையையே போட்டுவிட்டுப் போகிறான். அவன் படிப்பைப் பார்த்து எரிந்தேன். கோப்பியைப் பார்த்து எரிந்தேன். இதைப் பார்த்து எரிகிற மாதிரி எதைப் பார்த்தும் எரிந்ததில்லை.

12-7-57

லோரி இல்லை. வேலை இல்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் உட்கார்ந்து அவன் சாமான்களைப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்குகிறான்.

13-7-57, சனி

சொல்லிவிட்டேன்.

நல்லவனாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். அவன் போட்டதைத் திருப்பி அவன் முகத்தில் எறியத்தான் போனேன். முதலாளி மேசை முன்னால் நின்று, சுருளை வெட்டியது நான், முள் விழுந்ததைப் பார்த்தவன் நான், பார்த்துக்கொண்டே இரண்டு மைல் ஓட்டியவனும் நான் என்றேன். ஜெயபாலன் அங்கேதான் இருந்தான். அவன் காதில் விழவேண்டும் என்றுதான் கத்திச் சொன்னேன்.

முதலாளி கேட்டார்: "முள்ளு விழுந்தப்போ ஏண்டா நிறுத்தல?"

"அது அவன் மாட்டுன மீட்டரு முதலாளி. தப்பா இருக்கணும்னு நெனச்சேன்."

சாவியைக் கேட்டார். கொடுத்தேன். வேலையை விட்டு அனுப்பவில்லை, மூட்டை ஏற்றி இறக்க வைத்துக்கொள்கிறேன் என்றார். ஜெயபாலனிடம் திரும்பி, திங்கட்கிழமை வந்து எஞ்சினைப் பார் என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை.

14-7-57

சிவகாமியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, சோறு போட்டாள். தோள் வலிக்குமே, தைலம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

8-8-57

பொன்னையா என்று ஒரு புது டிரைவர். ஐம்பது வயது. கிளட்சை நசுக்குகிறார். நான் பின்னால், ஷீட்டுக் கட்டுகளின் மேல். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஜெயபாலன் மூன்று வாரத்தில் கட்டி எழுப்பிவிட்டான். அவன் என்னிடம் பேசினால் பதில் சொல்கிறேன். அவனும் தேவைக்குமேல் பேசுவதில்லை.

31-8-57, சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். லோரியில் கொடி கட்டி ஊரைச் சுற்றினோம். நானும் கத்தினேன். தொண்டை போய்விட்டது. மனதாரத்தான் கத்தினேன்.

9-9-57, திங்கள்

அரசாங்க ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஜெயபாலனுக்கு வேலை தயாராக இருக்கிறது. பென்ஷன் உள்ள வேலை. முன்னே வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு சான்றுக் கடிதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஜூலை தொடக்கத்திலேயே அந்த வேலைக்கு எழுதிப் போட்டிருந்தானாம். எஞ்சினைக் கெடுத்தவன் என்ற பெயரோடு போயிருந்தால் எந்த முதலாளி எழுதிக் கொடுத்திருப்பார்? அன்றைக்கு 'நான் மாட்டினது' என்று சொன்னபோது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடிதத்தை அவனே டைப் அடித்துக் கொண்டுவந்தான். முதலாளி லோரியின் மூக்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். காற்று தாளைத் தூக்கியது. "பிடிடா மருதமுத்து" என்றார். பிடித்தேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று ஜெயபாலனைக் கேட்டேன். கவனமாக வேலை செய்பவன், நம்பலாம் என்று எழுதியிருக்கிறது என்றான்.

"என் பேரு இருக்கா?"

"இல்லண்ணே."

அவனுக்குப் பென்ஷன், எனக்கு ரப்பர் கட்டு. வயிறு எரியாமல் இல்லை. முதலாளி பேனாவை மூடி உள்ளே போய்விட்டார். மை காயும் வரைக்கும் தாளின் இரண்டு மூலையையும் நான்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.