மிஷாரி மாமா புதைத்த காளான்

அன்பு மகள் ஹெஸ்ஸாவுக்கு அப்பா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், கூடாரத்து ஜெனரேட்டரும் நலம். உன் நலத்தை நீதான் எழுத வேண்டும். ஸ்காட்லாந்து வானிலைச் செய்தியைப் பார்த்தே உனக்குச் சளி பிடித்துவிட்டதாக உன் அம்மா முடிவு செய்துவிட்டாள்.

தலால் வீட்டார் உன்னைப் பெண் கேட்டிருப்பதும், அம்மா உன் பதிலுக்காக நச்சரிப்பதும் உனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை அவர்களைப் பாலைவனக் கூடாரத்துக்கு விருந்துக்கு அழைத்தோம். பாலைவன வாழ்க்கை எளிமையானது அல்லவா, அதனால் சோபா, பெரிய டிவி, இரண்டு சமையல்காரர்கள், ஒரு லாரி தண்ணீர், இவ்வளவுதான் கொண்டுபோனோம். மிஷாரி மாமாவுக்கு அது போதவில்லை. விருந்தாளிகள் தங்கள் கையாலேயே மணலில் ஃபகா காளான் தோண்டி எடுக்க வேண்டுமாம். இந்தக் குளிர்காலத்தில் மழையே இல்லை, காளான் எங்கிருந்து முளைக்கும் என்று கேட்டேன். "மச்சான், நீங்க எண்ணெய்க் கிணத்தப் பாருங்க, விருந்த நான் பாத்துக்கிறேன்" என்றார். சந்தையில் ஒரு கூடை வாங்கிவந்து கூடாரத்துக்குப் பின்னால் புதைத்துவிட்டார். இந்த நாட்டில் எல்லோரும் நிலத்திலிருந்து எடுத்தே பழகியவர்கள். நிலத்துக்குள் ஒன்றை வைத்த முதல் ஆள் உன் மாமாதான். அதுவும் இறக்குமதிச் சரக்கு.

அவர்கள் வந்ததும் மாமா குச்சியோடு முன்னால் நடந்து, "அதோ விரிசல் தெரியுது பாருங்க, அடியில காளான் இருக்கு" என்று இல்லாத விரிசலைக் காட்டினார். தலாலின் அப்பா ஒன்றைத் தோண்டி எடுத்து முகர்ந்து, "மாஷா அல்லாஹ், நம்ம மண்ணு வாசனையே தனி" என்று உருகினார். மண் மாதிரிகளைப் பரிசோதித்துச் சம்பளம் வாங்கும் நானும் தலையாட்டினேன். சம்பந்தம் கெட்டால் உன் அம்மா அடுத்து என்னைத்தான் புதைப்பாள். தலால் மட்டும் காளானை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "மாமா, இதுல செம்மண்ணுல்ல ஒட்டியிருக்கு, நம்ம மணல் வெளுப்பாச்சே. வெளிநாட்டுச் சரக்குதானே?" என்றான். "வாய மூடுடா, பொண்ணு கேக்க வந்த எடத்துல" என்று அவன் அப்பா பல்லைக் கடித்தார். "நல்லாருக்குன்னு சாப்பிடலாம்பா, நம்ம மண்ணுன்னு ஏன் சொல்லணும்" என்றவன், சோற்றோடு அதே காளானை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

மரியாதை தெரியாத பையன், வேண்டாம் என்கிறார் மாமா. மூன்று பேருக்கு ஒரு மேசை போட்டு, வேலையே இல்லாமல் சம்பளம் தரும் அரசாங்க அலுவலகத்தை விட்டுவிட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறானே, அது அவர் கணக்கில் இரண்டாவது குற்றம். அம்மாவும் தன் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டாள். புதைத்ததில் சிலது அகப்படவில்லை என்று மாமா இன்னும் மணலைக் கிளறிக்கொண்டிருக்கிறார், அவரை விடு. எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது. நீ சமைத்தது வாயில் வைக்க முடியாமல் இருந்தால் அதையும் சொல்வான், அதற்கும் தயாராக இரு. ஆனால் முடிவு உன்னுடையது. மாமாவுக்காக வேண்டாம் என்று சொல்லாதே, எனக்காகச் சரி என்றும் சொல்லாதே. எதுவானாலும் நேராகச் சொல். அவனுக்கு வேறு மாதிரி சொன்னால் புரியாது.

இறைவன் உன்னைக் காப்பானாக, உன் படிப்பில் பரக்கத் செய்வானாக. கம்பளிச் சட்டை போட்டுக்கொள். அம்மாவிடம் கேட்டால் விருந்து பிரமாதம் என்பாள், நீயும் ஆமாம் என்று சொல்லிவை.

உன் அப்பா,
ஜாசிம்