யசிந்தா மிஸ்ஸுக்கு மட்டும் தெரிந்தவை

17 யூன் 2025, செவ்வாய்

மதுராவுக்கு இன்றைக்குக் கிளினிக். டொக்டர் அவளைப் பார்த்தது நாலு நிமிடம். அந்த யசிந்தா மிஸ் பார்த்தது முக்கால் மணித்தியாலம். வலிப்புக்காரரைப் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்துவிட்டு இந்த வருடம் வந்த நேர்ஸாம். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மதுரா சிரிக்கிற சத்தம் கேட்டது. வலிப்பில் சிரிக்க என்ன இருக்கிறது? கலியாணம் கட்டி ஒன்பது வருடம். என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

கடைசியில் என்னையும் கூப்பிட்டு, வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வீட்டுக் கதவின் இரும்புத் திறப்புக் கோர்வையை அவளுடைய கையில் வைத்து அழுத்திப் பிடிப்பேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

“இரும்பு ஒண்டும் வேண்டாம் அண்ணை. ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க விட்டிட்டு மணிக்கூட்டைப் பாருங்கோ. அது தானா நிக்கும்.”

ஒன்பது வருடமாக நான்தான் நிறுத்துகிறேன் என்று நினைத்திருந்தேன். மதுரா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது முன்னமே தெரியும்போல.

23 யூன், திங்கள்

யசிந்தா மிஸ் அப்பிடிச் சொன்னவ, யசிந்தா மிஸ் இப்பிடிச் சொன்னவ. மதுரா போடுகிற சோற்றோடு சேர்த்து இதையும்தான் தின்கிறேன்.

28 யூன், சனி

மதுராவின் கைப்பையில் ஒரு சின்னக் கொப்பி. எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன். வலிப்பு வந்த நாள், இடம், எவ்வளவு நேரம் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறாள். பக்கத்தில் மிஸ்ஸின் சின்னக் கையெழுத்து. மே 6, அவள் படிப்பிக்கிற முன்பள்ளியில், ஒரு நிமிடம். யூன் 2, கிணற்றடியில், அரை நிமிடம். இரண்டும் எனக்குத் தெரியாது.

கிணற்றடியில்! நான் கூப்பிடு தூரத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன். எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, வந்து எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்திருக்கிறாள். மிஸ்ஸுக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இல்லை.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன? ஒரு ஆம்பிளை என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். ஒரு நேர்ஸோடு என்னத்தைச் சண்டை பிடிக்கிறது?

9 யூலை, புதன்

மதுரா குளிக்கும்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்தேன். மிஸ்தான். வருகிற செவ்வாய் டொக்டர் இல்லையாம், கிளினிக் நடக்காதாம். வெள்ளியே வந்து வலிப்புக் குளிசையை எடுக்கட்டுமாம்.

“ஒரு நேரமும் குளிசை விடக்கூடாது அண்ணை. மறக்காமச் சொல்லிவிடுங்கோ.”

ஓம் என்றேன்.

11 யூலை, வெள்ளி

சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டின கதவைப் பார்க்கட்டும். அவளுடைய மிஸ்ஸும் பிழை விடுகிறவ என்று தெரியட்டும்.

15 யூலை, செவ்வாய்

கதவு பூட்டு. “மிஸ் எனக்கு ஏன் சொல்லேல்லை?” என்றாள், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி.

“பாத்தியே உன்ரை மிஸ்ஸின்ரை லட்சணத்தை” என்றேன். சந்தோசமாக இருந்தது. இதிலும் பொய் எழுதுவானேன், சந்தோசமாகத்தான் இருந்தது.

காலையோடு குளிசை முடிந்துவிட்டது. வெளியே பாமசியில் வாங்குவோம் என்றாள். வெங்காயத்துக்கு இறைக்க வேண்டும், நாளைக்கு வாங்கலாம் என்று கூட்டி வந்துவிட்டேன். ஒரு இரவுதானே.

16 யூலை, புதன்

விழுந்தாள். காலை ஏழு மணிக்கு, குசினியில். அடுப்புக் குந்தின் விளிம்பில், வாய்க்குக் கீழே நாடி அடிபட்டு ஒரே ரத்தம். சரித்துப் படுக்க விட்டேன். மணிக்கூட்டைப் பார்த்தால் முள்ளே தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் யாருக்குப் போன் எடுத்தேன்? அந்த மிஸ்ஸுக்குத்தான். வைக்காமல் என்னோடு கதைத்துக்கொண்டே இருந்தார். ஒன்று நின்று அவள் கண் திறக்க முதல் அடுத்தது தொடங்கியது.

“மற்றப் போனிலை 1990க்கு அடியுங்கோ அண்ணை. இப்பவே!”

அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

நான்தான். நான்தான் செய்தனான் — என்ரை வாயாலை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும்.

17 யூலை, வியாழன்

நாடியில் நாலு தையல். யசிந்தா மிஸ் வார்ட்டுக்கு வந்தார். கிளினிக் இல்லை என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று மதுரா நேராகவே கேட்டாள். மிஸ் என்னை ஒருக்கால் பார்த்தார்.

“ஒரு மெசேச்சும் போட்டிருக்க வேணும் மதுரா. அது என்ரை பிழை.”

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. நல்லவவாகவும் இருந்து தொலைக்கிறாவே!

20 யூலை, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. மதுராவுக்குச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றாள். “வார்ட்டிலை படுத்திருக்கேக்கை போனைப் பாத்தனான். மிஸ்ஸின்ரை கோல், ரெண்டு நிமிசம் கதைச்சுக் கிடக்கு. அண்டைக்குக் கேட்டது மிஸ்ஸை இல்லை. உங்களைத்தான்.”

பிறகு கொப்பியைப் பற்றிக் கேட்டேன். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? ஆனாலும் கேட்டேன், ஏன் எனக்கு ஒளித்தாய் என்று.

“விழுந்தனான் எண்டு சொன்னா, முன்பள்ளிக்குப் போகாதை எண்டுவியள், கிணத்தடிக்குப் போகாதை எண்டுவியள். பிறகு ஒரு மாசம் நான் வீட்டுக்குள்ளை. மிஸ் கேட்டு எழுதிப்போட்டு, கவனமா வேலைக்குப் போ எண்டு விடுறா. நான் ஆருக்குச் சொல்லுறது?”



29 யூலை, செவ்வாய்

இன்றோடு பத்து நாள். சோறு போட்டு வைக்கிறாள், கதை இல்லை. மிஸ்ஸோடு மட்டும் போனில் கதை. கேட்கக் கூடாதென்று தோட்டத்துக்குப் போனேன். கேட்டுக்கொண்டுதான் போனேன்.

4 செப்டெம்பர், வியாழன்

மதுரா முன்பள்ளியால் வந்து செருப்பைக் கழற்றினாள். நான் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன்.

“இண்டைக்குப் பத்து மணி போலை ஒண்டு வந்தது. ஒரு நிமிசம்தான். தர்சிகா ரீச்சர் பக்கத்திலை இருந்தவ.”

நாளைக்குப் போகாதே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

“அடி கிடி பட்டதே?”

“இல்லை.”

“நாளைக்கு எத்தினை மணிக்குப் போகவேணும்?”

“எட்டுக்கு” என்றாள். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“மிஸ்ஸுக்குச் சொல்லிட்டியே?”

“இன்னும் இல்லை.”

மேசையில் கிடந்த போனை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டுக் கெதியாக வெளியே வந்துவிட்டேன். வலிப்பு வந்ததைக் கேட்டுச் சந்தோசப்படுகிற புருசனை அவள் பார்க்கக் கூடாது.