எடை மெஷினும் நீ வைத்த சோதனையும்

ஆசை மாப்ளே சேகர்,

மேட்டுப்பாளையம் கம்பெனியில் உன் நாற்காலியில் இப்போது நான்தான். என் கனத்துக்கு அது முனகுகிறது. எனக்கோ உட்காரவே முடியவில்லை, எழுந்து எழுந்து நடக்கிறேன். ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

பெயின்ட் காயவைக்கும் ஓவன் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. வெளிச்சுவர் எவ்வளவு சுடும் என்று உன் ப்ரோக்ராமில் போட்டேன். ஒரு விடையை ஊகித்து, அடி எடுத்து வைத்து அடுத்த ஊகத்துக்குப் போகுமே, அதேதான். உள்ளே வருகிற சூடும் வெளியே போகிற சூடும் ஒத்துவருகிறதா என்று அடிக்கு அடி பார்க்கும். வித்தியாசம் ஏறினால் அடியைக் குறுக்கும், இறங்கினால் நீட்டும். இந்த முறை ரொம்ப நேரம் குறுக்கி நீட்டிக்கொண்டே இருந்தது.

எனக்கா பொறுமை? அடியை நூறில் ஒரு பங்காகக் கட்டிப்போட்டேன். வித்தியாசம் பார்க்கும் சோதனையையும் எடுத்துவிட்டேன். விடை அசையாமல் நின்றால் முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். நின்றது. வெற்றி வீரனாக டீ குடித்தேன்.

நேற்றுக் காலை முதலியார்பேட்டையில் வாசுகி வீட்டில் டிபன். உன் பெண்டாட்டி இப்போது என் எடைக்குக் காவல். (உங்கள் மாடிவீட்டுக்காரர் மீசைக்கு மறுபடி மை அடிக்கிறார், அது தனிக்கதை.) மணிக்கொரு தரம் மெஷினில் ஏறிப் பார்த்தேன், முள் அசையவே இல்லை, எடை கட்டுக்குள் வந்துவிட்டது என்று அவளிடம் பெருமை அளந்தேன்.

“ஒரு மணி நேரத்துல என்னாண்ணே மாறும்? டாக்டர் சொன்ன எடைக்கு இன்னும் எவ்ளோ இருக்குன்னு பாரு.”

இட்லியைப் பாதியில் வைத்தேன். கம்பெனிக்கு ஓடிப்போய் என் விடையைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டேன். இரண்டு சூடும் ஒத்துவரவே இல்லை. அடி அத்தனை சின்னது, அதனால்தான் விடை அசையவில்லை. போய்ச் சேர்ந்ததால் அல்ல. அந்தச் சுவரில் கை வைத்தவனுக்குத் தோல் உரிந்திருக்கும்.

என் கணக்குப்படி, சூட்டைத் தடுக்கச் சுவருக்குள் வைக்கும் கிளாஸ் ஊல் பஞ்சை வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன்.

“எங்க சார் தப்பு?” என்றார் சூப்பர்வைசர் ஜெயமூர்த்தி.

“மாப்ள எழுதுன ப்ரோக்ராம்ல.”

வாய் தவறி வந்தது என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். செத்தவனுக்கு யார் மெமோ கொடுப்பார்கள்? ஜெயமூர்த்தி, பாவம் நல்ல மனுஷன் என்று உனக்காக உச்சுக்கொட்டினார். இனி உன் ப்ரோக்ராமை யாரும் தொடக்கூடாதாம்.

அவர் போனதும் உன் சோதனையைத் திரும்ப வைத்து ஓட்டினேன். தன் பாட்டுக்குக் குறுக்கி, நீட்டி, சரியான இடத்தில் போய் நின்றது. நீ இருந்தால் திட்டியிருப்பாயா, சிரித்திருப்பாயா?

நாளை டீ நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது சொல்கிறேன். சோதனையை எடுத்தது நான், பழியை உன்மேல் போட்டதும் நான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாமே என்று மனசு கெஞ்சுகிறது. மாட்டேன் மாப்ளே. இதை மட்டும் ஒரே அடியில்.

வாசுகியின் அண்ணன், உன் மச்சான்,
ஏகாம்பரம்