இருபத்தேழு பெருக்கல் எண்பத்தொன்று

தென்காசி,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி முத்துச்செல்வத்துக்கு அக்கா ஜெயசித்ரா எழுதுவது. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இங்கே சாரல் விட்டுவிட்டு அடிக்கிறது. உன் பட்டாளத்தில் குளிர் எப்படி என்று போனிலேயே கேட்கலாம். ஆனால் குற்றாலிங்கம் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

நேற்று மார்க்கெட் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. நம்பர் 2187. பாழாய்ப்போன பழக்கம் விடுகிறதா? சின்ன வயதில் ரோட்டோரம் நின்று விளையாடுவோமே, அதேதான். நான்கு இலக்கத்தையும் கலைத்து இரண்டு எண்ணாக்கிப் பெருக்கினால் அதே நம்பர் வருகிறதா என்று பார்த்தேன். இருபத்தேழு பெருக்கல் எண்பத்தொன்று. வந்துவிட்டது. காய்கறிப் பையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன சீசனில் நீ லீவில் வந்திருந்தபோது, ஐந்தருவி ரோட்டில் பழக்கடை யஹ்யா அண்ணாச்சியை ஒரு வெள்ளைக் கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. அண்ணாச்சி அங்கேயே போய்விட்டார். காரைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். நான் ஓடி வந்ததும் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "எக்கா, ஒண்ணு, ரெண்டு, ஏழு, எட்டு. நம்ம கணக்குல விழுத நம்பருக்கா." அப்புறம் எது முன்னே எது பின்னே என்று பிடிபடாமல் ஒரு அட்டையில் பெருக்கிப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். போலீஸ் வந்ததும் 1827 என்றாய். இருபத்தொன்று பெருக்கல் எண்பத்தேழு, சரிதான். ஆனால் 2187-லும் அதே நான்கு இலக்கம்தானே, தம்பி?

1827 பாவூர்சத்திரத்தில் தக்காளி வியாபாரம் செய்கிற குற்றாலிங்கத்தின் கார். அதுவும் வெள்ளைதான். அன்றைக்கு வீட்டில் படுத்திருந்தேன் என்று அவர் தலையில் அடித்துச் சொன்னதை யார் நம்பினார்கள்? நானும்தான் நம்பவில்லை. ஜாமீனில் வந்தவரை மார்க்கெட்டில் கொலைகாரன் என்று முகத்துக்கு நேரே பேசியிருக்கிறார்கள். போன வாரம் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் மனைவி இன்று காலை நம் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடவில்லை. "ஒங்க தம்பி கண்ணால பாத்தாவளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள். அவளை அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

யஹ்யா அண்ணாச்சி வீட்டுக்கு நியாயம் வேண்டும்தான். அதற்காகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததைக் கண்டேன் என்று சொல்லாதே. நம்பரில் முதல் இலக்கம் ஒன்றா இரண்டா என்று தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்று சொல். பட்டாளத்துக்காரன் பேச்சு மாறலாமா என்று ரோஷம் பார்க்காதே. கோர்ட் தேதி வரைக்கும் காத்திருக்காமல் லீவு கேட்டுப் புறப்பட்டு வா.

குற்றாலநாதர் உன்னைக் காப்பாற்றட்டும். அந்த மனுஷனையும் காப்பாற்றட்டும். அவர் போய்விட்டால் நாம் யாரிடம் போய்ச் சொல்வோம்?

உன் அக்கா,
ஜெயசித்ரா